ஸர் தாமஸ் மன்றோவின் உருவங்கள்

மறைந்தவரை மறவாது போற்றும் பொருட்டு அவர்தம் உருவைக் கல்லிலும் செம்பிலும் சீலையிலும் அமைத்து வைத்தல் உலகத்து மக்கள் யாவர்க்கும் பொதுவாயதொரு வழக்கமாகும். நம் முன்னோர் போரில் வீழ்ந்த மறவர்க்கு நடுகல் நாட்டினர். கல்லைக் காண்டல் முதல் அதனை வாழ்த்துதல் ஈறாக அதற்குரிய முறைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. மேனாட்டாரோ அரசரையும் அமைச்சரையும் படைத் தலைவரையும் ஓவியமாகத் தீட்டியும் வெண்கலத்தில் வார்த்தும் நாற்சந்திகளில் நிறுத்தினர். அவர்கள் நம் நாட்டை ஆண்ட காலத்தில் அவ்வழக்கம் ஈண்டும் புகுந்தது. அங்ஙனம் புகுந்தவற்றுள், சென்னை மாநகரில் தீவுத்திடலின் அருகே பரிமீது வீற்றிருக்கும் ஸர் தாமஸ் மன்றோவின் சிலையைக் காணாத மாணவர் நம்முள் சிலரே யிருப்பர். அச்சிலையையும், அவரைப்பற்றிய பிற உருவங்களையும், அவற்றை எவ்வாறு நோக்குதல் தகும் என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

உருவங்களை நோக்குங்கால் ஆராய்ச்சி வேண்டும் என்பதற்கு நம் நாட்டுப்புறத்திலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. ஜயங்கொண்டத்தை அடுத்த கங்கைகொண்ட சோழபுரத்தில் 11-ஆம் நூற்றாண்டில் முதலாம் இராஜேந்திர சோழன் எடுப்பித்த திருக்கோயிலில், சிவபெருமான் உமையுடன் அமர்ந்து, அடியிலிருக்கும் அடியார் ஒருவரின் தலையில் மாலை சூட்டும் சிற்பம் ஒன்றுளது. அது சண்டேசுவரர்க்கு இறைவன் அருள்செய்த வரலாற்றைக் குறிப்பது. ஆயினும், வெற்றி வாகை சூடிய இராஜேந்திரனே இறைவன்பால் முடி பெறுவதாகச் சிற்பி குறிப்பால் உணர்த்தினான் என்று கருதும் அறிஞரும் உளர். ஒரே கல்லில் அடியாரையும் அரசனையும் காண இடமுண்டாயின், உருவம் என்பது முகத்தின் சாயலை மட்டும் காட்டுவதன்று என்பதும், அதனைச் செய்வித்தோர் கருத்தையும் உடன் காட்டுவது என்பதும் பெறப்படும். இவ்வுண்மையை மனத்திற்கொண்டு மன்றோவினிடம் செல்வோம்.

தாமஸ் மன்றோ 1761-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் தேதி ஸ்காத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் அமெரிக்காவோடு வாணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போரினால் அவ்வாணிகம் நொடித்துப்போகவே, மகனார் கிழக்கிந்தியக் கம்பெனியின் காலாட்படையில் பயிற்சி வீரராக அமர்ந்து, 1780-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சென்னைத் துறையில் வந்திறங்கினார். அப்போது அவர்க்குப் பதினெட்டு வயது நிரம்பியிருந்தது. ஹைதர் அலியோடும், பின்னர்த் திப்பு சுல்தானோடும் நிகழ்ந்த போர்களில் அவர் பணியாற்றினார். பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். 1792-ல் பாராமகால் என்னும் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் கம்பெனியார் வசமானபோது, காப்டன் அலெக்ஸாந்தர் ரீடு என்பாருக்கு உதவியாளராக நிலவரித் துறையிற் புகுந்தார். ஏழாண்டுகள் அங்கே ஊர் ஊராகச் சென்று நிலங்களை அளப்பித்தார். 1799-ல் கன்னட நாட்டுக் கடற்கரைப் பகுதிக்கும், 1800 முதல் 1807 வரை பல்லாரி, கடப்பை முதலிய ‘தத்த மண்டலங்க’ளுக்கும் தலைவராயிருந்தார்.

பின்னர் அவர் இங்கிலாந்து சென்று, கம்பெனியின் உரிமைப் பட்டயத்தைப் புதுப்பிக்கும் பொருட்டு 1813-ல் பார்லிமெண்டு நடத்திய விசாரணையில் சான்று பகர்ந்தார். படை வீரராய்த் தொடங்கியவர் அரசியல் அறிஞராக மதிக்கப் பெற்றது இக்காலத்திலேயாகும். 1820-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னை மாகாணத்தின் கவர்னர் பதவியை ஏற்று ஏழாண்டுகள் ஆண்டார். பதவியினின்றும் நீங்கித் தாய்நாடு செல்ல விருந்த தறுவாயில், தாம் முன்பு ஆண்ட தத்த மண்டலங்களை இறுதியாக ஒருமுறை காணச் சென்றவர், கர்நூலைச் சார்ந்த பத்திகொண்டா என்னும் ஊரில் வாந்திபேதி கண்டு 1827-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி உயிர் நீத்தார். கூத்தியில் அடக்கம் செய்யப்பெற்ற அவர் உடல் 1831-ல் சென்னைக்குக் கொணரப்பட்டுக் கோட்டையிலுள்ள தூய மேரி ஆலயத்தில் வைக்கப்பெற்றது.

இனி அவர் உருவங்களைக் காண்போம். அவற்றுள் முதலில் கூறத்தக்கது ஸர் மார்ட்டின் ஆர்ச்சர் ஷீ என்னும் ஓவியர் 1819-ல் எழுதிய எண்ணெய் வண்ணப்படம். அது இப்போது லண்டன் மாநகரத்துத் தேசிய உருவப்பட மண்டபத்தில் உளது. ஷீ என்பார் அயர்லாந்துத் தலைநகராகிய டப்ளினிற் பிறந்தவர். 1830 முதல் இறக்கும் வரை அரசாங்க ஓவியக் கழகத்தின் தலைவராயிருந்தவர். 1819-ஆம் ஆண்டு என்பது கவனிக்கத்தக்கது. மராட்டியப் போரை முடித்து, கவர்னர் பதவிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டு, மன்றோ சின்னாள் லண்டனில் தங்கியிருந்த ஆண்டு அது. ஆகவே, அப்படம் ஊர் ஊராய்க் கூடாரமடித்துக் கணக்குப் பார்த்த கலெக்டரின் படமன்று. உயர்பதவி ஏற்கப்போகும் பெருமகனின் படமாகும். ஓவியன் முன் ஒருவர் அமர்வது வாழ்க்கையின் எப்பருவத்தில் என்பதை அறியாதவழி, படத்தின் பொருள் முழுதும் விளங்காது.

இரண்டாவது, யாவரும் அறிந்த வெண்கலச் சிலை. மன்றோ இறந்த செய்தி கேட்டுச் சென்னையில் ஆங்கிலேயரும் இந்தியரும் பொருள் திரட்டினர். வேலை ஸர் பிரான்ஸிஸ் சாண்ட்ரி என்பாரிடம் ஒப்புவிக்கப் பெற்றது. அவர் அக்காலத்து இங்கிலாந்தில் தலைசிறந்த சிற்பிகளுள் ஒருவர். சிலையை முடிக்கப் பத்தாண்டிற்கு மேலாயிற்று. 1838-ல் அது கப்பலேறி, 1839-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி சென்னையில் திறந்து வைக்கப்பெற்றது. அரசருக்கும் பெரும்படைத் தலைவருக்கும் உரியதாகக் கருதப்பட்ட பரிவீற்றிருக்கும் கோலம் ஒரு கவர்னருக்குத் தரப்பட்டமை அவர்பால் இருந்த மதிப்பைப் புலப்படுத்தும்.

இச்சிலையைப்பற்றி வழங்கும் கதையொன்று நம் மாணவர் பலரும் கேட்டிருத்தல் கூடும். குதிரையின்மீது சேணமும் இல்லை, கால் வைத்தற்குரிய அங்கவடியும் இல்லை. சிற்பி அவற்றை அமைக்க மறந்துவிட்டு, பின்னர்ப் பிழையை உணர்ந்து நாணித் தற்கொலை செய்துகொண்டான் என்பர். கேட்பதற்குச் சுவையுடைய கதையே. ஆயினும் அஃது ஆராய்ச்சிக்கு நில்லாது. சாண்ட்ரி நோய்வாய்ப்பட்டு 1841-ல் இறந்தவர். மிக்க செல்வராயிருந்து, கலைப்பொருள்களை நாட்டிற்கென வாங்கும் பொருட்டுப் பெருநிதியை எழுதி வைத்தவர். சிலை திறக்கப்பெற்ற பின்னும் ஏறத்தாழ ஈராண்டு அவர் தம் தொழிலைச் செய்து கொண்டிருந்தார்.

இதனினும் வலிய சான்று வேறொன்றுண்டு. சாண்ட்ரி அமைத்த பரிச்சிலைகள் இன்னும் இரண்டு லண்டனில் உள. ஒன்று நான்காம் ஜார்ஜ் மன்னருடையது. 1843-ல் டிரபால்கர் சதுக்கத்தில் நிறுத்தப்பெற்றது. மற்றொன்று வெல்லிங்டன் பிரபுவினுடையது. சாண்ட்ரி இறந்த பின்னர் அவர் உதவியாளராகிய ஹென்றி வீக்ஸ் முடிக்க, 1844-ல் அரசாங்க வாணிக மண்டபத்தின் முன் திறக்கப்பெற்றது. அவ்விரண்டிலும் சேணமில்லை, அங்கவடியுமில்லை. ஒரு சிலையில் மறதி நேரலாம். மூன்றிலும் அதே மறதி நேர்ந்ததென்று கூறுதல் பொருந்துமோ? பண்டை ரோமாபுரியில் அங்கவடி வழக்கத்தில் இல்லை. ரோமாபுரியிலுள்ள மார்க்கஸ் அரேலியஸ் பேரரசரின் வெண்கலப் பரிச்சிலையில் கால்கள் தாங்கலின்றித் தொங்குகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் சிற்பிகள் அத்தகைய பழம் படைப்புக்களையே இலக்கணமாகக் கொண்டனர். காலத்தோடு மாறும் கருவிகளை விலக்கி, குதிரையின் உடலழகையும் வீரனின் அமைதியையும் தடையின்றிக் காட்டலே சாண்ட்ரியின் நோக்கம் எனக் கொள்ளுதல் பொருத்தமாம். இதனால் ஒரு கருத்துப் போதரும்: உருவத்தில் ஒன்று இல்லாதிருப்பது குறையா, கொள்கையா என்பதை, அதே கைத்தொழிலாளன் செய்த பிறவற்றோடு ஒப்பிட்டே துணிதல் வேண்டும்.

மூன்றாவது வகை உருவம் கண்ணாற் காண்பதன்று. மக்கள் நாவில் வாழ்வது. தத்த மண்டலங்களில் மன்றோவைக் குறித்துப் பல கதைகள் வழங்கின. குழந்தைகட்கு ‘மன்றோலப்பா’ என்று பெயரிட்டதும் உண்டு. மந்திராலயத்து மடத்தின் நிலத்தைப்பற்றி விசாரிக்கச் சென்ற மன்றோவிற்கு, அங்குச் சமாதியுற்ற இராகவேந்திர சுவாமிகள் நேரில் தோன்றி உரையாடினார் என்பது அவ்விடத்தார் நம்பிக்கை. திருப்பதி மலையில் நைவேத்தியப் பொங்கல் கொண்டுவரும் பெருங்கலம் ஒன்று ‘மன்றோ கங்காளம்’ என்று அவர் பெயரால் வழங்குகின்றது. கடப்பையைச் சார்ந்த கண்டி என்னும் இடத்தில் மலையிடுக்கின் குறுக்கே கட்டப்பட்ட பொற்றோரணம் அவர் கண்ணிற்கு மட்டும் புலப்பட்டது என்றும், அது மரணத்தின் முன்னறிகுறி யென்றும் கூறுவர். இக்கதைகளை வரலாறு எனக் கொள்ளல் ஆகாது. எனினும், இவற்றை வெறுங்கதை யென்று தள்ளுதலும் நன்றன்று. ஆளவந்த அயலான் ஒருவனை மக்கள் தங்கள் தெய்வங்களோடு உறவுடையவனாக்கித் தங்களுக்கு விளங்குமாறு அமைத்துக்கொண்ட உருவம் இது. லண்டன் ஓவியன் தன் வண்ணத்தினாலும், கூத்திக் குடியானவன் தன் சொல்லினாலும் அவரைத் தீட்டினர். இருவரும் தத்தம் மனத்திலிருந்தே வண்ணம் எடுத்தனர்.

நான்காவது, மன்றோ தம் கையாலேயே எழுதிய உருவம். அஃதாவது அவர்தம் அரசாங்கக் குறிப்புக்கள். 1822-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மாகாணமெங்கும் உள்ள திண்ணைப் பள்ளிகளையும் உயர்நிலைப் பாடசாலைகளையும் கணக்கெடுக்குமாறு கலெக்டர்களுக்கு அவர் உத்தரவிட்டார். 1826-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அக்கணக்கின் பயனைத் தொகுத்துரைத்தார். 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும், அவற்றில் 1,88,650 மாணவரும் இருந்தமை வெளியாயிற்று. கணக்கிடின் ஏறத்தாழ 68 பேருக்கு ஒருவர் பள்ளியில் இருந்தனராவர். ஆங்கிலக் கல்வி பரவுமுன் நம் ஊர்களில் கல்வி எந்நிலையில் இருந்தது என்பதை ஆராய்வார்க்கு இன்றும் இக்கணக்கே முதற் சான்றாக உதவுகின்றது.

1824-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி எழுதிய குறிப்பிலோ, இந்நாட்டு மக்களை உயர்பதவிகளினின்றும் விலக்குதல் அவர்தம் ஒழுக்கத்தைத் தாழ்த்தும் என்றும், அவர்கள் தம்மைத்தாமே ஆளும் திறம் பெறுதலே ஆட்சியின் நோக்கமாதல் வேண்டுமென்றும், அத்திறம் வாய்த்தபின் ஆங்கிலேயர் படிப்படியாக விலகலாம் என்றும் கருத்துரைத்தார். இது நாம் வியக்கத்தக்கது. ஆயின் அவரே 1822-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் எழுதிய மற்றொரு குறிப்பில், இந்தியாவில் பத்திரிகைகட்குக் கட்டற்ற உரிமை தருதல் ஆட்சிக்கு ஆபத்து என்று வற்புறுத்தினார். இவ்விரண்டும் ஒருவர் கைப்பட எழுந்தனவே. ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டி, அவரை விடுதலை விரும்பி என்றோ, அடக்குமுறையாளர் என்றோ கூறுதல், முகத்தின் ஒரு பாதியை மட்டும் தீட்டிய படம் போலாம்.

இவற்றின் வேறாக ஐந்தாவது உருவம் ஒன்றுண்டு. அதனைக் காணச் சென்னைக்கோ லண்டனுக்கோ செல்லவேண்டுவதில்லை. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியிலுள்ள எந்தக் கிராமத்தின் நிலக் கணக்கிலும் காணலாம். அரசாங்கத்திற்கும் உழவனுக்கும் இடையே ஜமீன்தார் முதலிய எவரையும் நிறுத்தாது, ஒவ்வொரு குடியானவனிடமும் நேராக நிலவரி பெறும் முறைக்கு இரயத்வாரி என்று பெயர். ரீடும் மன்றோவும் பாராமகாலில் தொடங்கிய அம்முறையே மன்றோ கவர்னரானபின் இம்மாகாணத்தின் பொது முறையாயிற்று. 1801-ல் கம்பெனியார் வசமான திருச்சிராப்பள்ளிச் சீமைக்கும் அது வந்தது. அரியலூரிலும் உடையார்பாளையத்திலும் பாளையக்காரர் மரபு நிலைத்திருந்தமையால், இப்பகுதியார்க்கு இருவகை முறையும் பழக்கமாயின. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டம் பிரிந்து, 1995-ல் பெரம்பலூரும், பின்னர் அரியலூரும் தனி மாவட்டங்களாயின. எனினும் பட்டா, ஜமாபந்தி என்னும் சொற்கள் இன்றும் ஊரார் வாயில் வழங்குகின்றன. தம் பெயருக்குப் பட்டா பெற்ற உழவன் கையிலுள்ள அத்தாளில், மன்றோவின் முகம் இல்லையாயினும், அவர் எண்ணத்தின் சாயல் உண்டு.

இவ்வுருவத்திற்கு நிழலும் உண்டு. தொடக்கத்தில் விதிக்கப்பட்ட வரி மிகக் கடுமையாயிருந்தது. மன்றோவே 1807-ல் தத்த மண்டலங்களில் வரியை நூற்றுக்கு 25 பங்கு குறைக்கவேண்டும் என்று எழுதினார். அப்போது அது கைக்கொள்ளப் பெறவில்லை. அவர் கவர்னராய் வந்த பின்னரே குறைப்பு நிறைவேறிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் உழவர் பட்ட துன்பத்தைச் சொல்லவும் வேண்டுமோ? அவர் இறந்து கால் நூற்றாண்டு கழிந்தபின்னும், வரி வசூலிக்கும் சிற்றதிகாரிகள் குடிகளைத் துன்புறுத்தினர் என்பது 1855-ல் சென்னையில் வெளியான சித்திரவதை விசாரணை அறிக்கையால் வெளியாயிற்று. மேலும், பட்டாவிற் பெயர் ஏறியது நிலமுடையோர்க்கே. ஏரைப் பிடித்தும் நாற்று நட்டும் பிறர் நிலத்தில் உழைத்த பண்ணையாட்கள் அக்கணக்கில் இடம் பெற்றிலர். சிலையில் அங்கவடி இல்லாமையைப்பற்றிப் பேசும் நாம், கணக்கில் இம்மக்கள் இல்லாமையைப்பற்றிப் பேசுவதில்லை. முன்னையது சிற்பியின் கொள்கை. பின்னையது பல குடும்பங்களின் வாழ்வைத் தலைமுறை தலைமுறையாய்த் தாக்கிய குறை.

ஈண்டு மற்றொன்றும் நினைவு கூர்தற்குரியது. சென்னைக்கு மன்றோவின் சிலை வந்திறங்கியதற்கு ஈராண்டு முன்னர், 1836-ல், கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பெற்றது. அதற்கு வேண்டிய கருங்கல்லின் பொருட்டுக் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் சுற்று மதில் இடிக்கப்பட்டுக் கற்கள் எடுத்துச் செல்லப்பட்டன. அணையால் விளைந்த பாசன நன்மையை மறுப்பார் இலர். ஆயினும், ஒரே பத்தாண்டில் அயல்நாட்டுப் பெருமகனுக்குச் சிலை எழும்ப, நம் பகுதியின் பேரரசன் எடுப்பித்த மதில் வீழ்ந்தது. எது நினைவுச் சின்னம், எது கட்டடக் கல் என்று முடிவு செய்யும் உரிமை அன்று யார் கையில் இருந்தது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் விளக்கும்.

அவ்வுரிமை நம் கைக்கு வந்த காலத்தில் நாம் செய்தது யாது? 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்குங்கால் கொடுமை பல இழைத்த நீல் என்னும் படைத்தலைவனுக்குச் சென்னை மௌண்டு ரோட்டில் ஒரு சிலை இருந்தது. அதனை அகற்றுமாறு 1927-ல் தேசத் தொண்டர் கிளர்ச்சி செய்து சிறை புகுந்தனர். 1937-ல் இராஜாஜி அவர்களின் மந்திரிசபை அதனைப் பொருட்காட்சிச் சாலைக்கு மாற்றியது. மன்றோவின் சிலையோ, நாடு விடுதலை யடைந்த பின்னும், நாட்டிய இடத்திலேயே நிற்கின்றது. ஆங்கிலேயன் என்ற காரணத்தால் மட்டும் வெறுத்தலும், பழமையானது என்ற காரணத்தால் மட்டும் போற்றுதலும் இன்றி, அவரவர் செயலை நிறுத்துப் பார்த்தனர் நம்மவர் என்பதற்கு இவ்வேறுபாடு ஓர் அடையாளமாகக் கொள்ளத்தக்கது. அந்நிறுவையும் முடிந்த ஒன்றன்று. ஒவ்வொரு தலைமுறையும் தன் தராசைத் தானே கையில் ஏந்தல் வேண்டும்.

ஆதலின் மாணவ நண்பர்களே, யாதோர் உருவத்தைக் காணினும் நான்கு வினாக்களைக் கேட்டல் நலம். இதனைச் செய்வித்தோர் யாவர்? இவர் வாழ்வின் எப்பருவம் இதிற் காட்டப்படுகின்றது? இதில் இல்லாதது யாது? இவர் செயலால் நன்மையோ தீமையோ எய்திய எளிய மக்கள் இவரை எங்ஙனம் நினைத்தனர்? இவ்வினாக்கட்கு விடை தேடின், வெண்கலமும் வண்ணமும் நமக்கு வரலாற்று ஆசிரியராகும். சென்னை செல்வோர் மன்றோவின் சிலையைக் கண்டு வருக. வந்தபின் தத்தம் ஊர்க் கணக்கையும், கங்கைகொண்ட சோழபுரத்தில் எஞ்சி நிற்கும் கற்களையும் ஒருமுறை கண்டு, அவற்றையும் அதனோடு வைத்து எண்ணுவாராக.